அடக்கப் பூசையில் மாறிவந்த மொழி

மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகும் காலைப் படகில் எனக்கு முன் பலகையில் இரண்டு பெண்கள். ஒருத்தி கறுப்புச் சேலை, மற்றவள் கையில் தூக்குவாளி.

"அப்பா அடக்கப் பூசையில நான் மலையாளத்துல பதில் சொல்லிட்டேன்க்கா," என்றாள் கறுப்புச் சேலைக்காரி.

"ஐயோ! தூத்துக்குடி மாதா கோயில்லயா?"

"ஆமா. சாமி, 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக'ன்னாரு. எங்க கோயில்ல எப்பவும் அப்பாதான் முதல்ல சத்தமாப் பதில் சொல்லுவாரு. அவரு பெட்டியில கிடக்காரு. எல்லாரும் சும்மா நிக்காங்க. 'உம் ஆன்மாவோடும் இருப்பாராக'ன்னு சொல்ல வேண்டிய இடத்துல, என் வாய்ல 'அங்ஙயோடும் கூடே'ன்னு வந்துட்டு."

"பன்னெண்டு வருஷமா இங்கதானே பூசை பாக்குற. வராம என்ன செய்யும்?"

"கோயிலே திரும்பிப் பாத்துச்சு. மலையாளத்தானைக் கட்டிக்கிட்டுப் போனவதானேன்னு பின்னால யாரோ சொன்னாங்க. அப்புறம் நான் வாயே திறக்கல."

"உங்க அண்ணன்?"

"கல்யாணத்துல இருந்து அவன் என்கூடப் பேசுறதில்லல்லா? பரலோக மந்திரம் வரும்போது எந்திரிச்சு என் பக்கத்துல வந்து நின்னான். 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே'ன்னு ஒவ்வொரு வரியா, எனக்குக் கேக்குற மாதிரி நிதானமாச் சொன்னான். நானும் கூடவே சொன்னேன். எல்லாமே ஞாபகம் இருந்துச்சுக்கா, சின்ன வயசுல ஒரே பாய்ல முழங்கால் போட்டுச் சொன்ன மாதிரி."

"பூசை முடிஞ்சு பேசினானா?"

"'வீட்டுக்கு வா. சாப்பிட்டுட்டுப் போ'ன்னான்."