மிஸ் ரட்ரே என்ற மெட்டு

“முதல்ல அந்தத் தாளைக் கீழ வை, எஃபி. உன் விரல்ல வெண்ணெய் இருக்கு, அப்புறம்—”

“வெண்ணெயெல்லாம் இல்ல. பேச்சை மாத்தாத. அவருக்கு ஒரே ஒரு வரி எழுதறதுல உனக்கு என்ன—”

“அது வரி இல்லடி, பொய். தாள்ல மேல என்ன எழுதியிருக்குன்னு படி. கண்ணாடி தரட்டா?”

“எனக்குத் தெரியாததா? முப்பத்தொன்பது வருஷமா நான்—”

“முப்பத்தொன்பது வருஷமா இதே புலம்பல். கஞ்சி ஆறுது, குடி.”

எங்கள் வீட்டில் ஓட்ஸ் கஞ்சிக்கு உப்பு மட்டும்தான் போடுவோம், சார்ஜண்ட் கெடிஸ். சர்க்கரை போடுகிறவர்களை என் அக்கா கிரிஸெல் மனிதர்களாகவே மதிக்கமாட்டாள். அன்று கஞ்சி நன்றாகத்தான் இருந்தது. ஏதாவது சண்டை நடந்ததா என்று கேட்டீர்கள், அதனால் நடந்த பேச்சை அப்படியே சொன்னேன். அறுபதைத் தொடப்போகும் இரண்டு கிழவிகள் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் இந்த அளவுக்காவது பேசிக்கொள்ளத்தான் செய்வார்கள்.

தாள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஆர்ச்சி மென்சீஸ் பிடில் வாசிப்பார், புது மெட்டுகளும் கட்டுவார். பிடில்காரர்கள் மெட்டுக்கு ஏதாவது வீட்டுப் பெண்களின் பெயரை வைப்பது இந்தப் பக்கத்தில் மரியாதை. எங்கள் வீட்டுக்கு அவர் இரண்டு மெட்டு தந்திருந்தார். ஒன்றின் பெயர் ‘மிஸ் ரட்ரே.’ மற்றதன் பெயர் ‘மிஸ் யூஃபீமியா ரட்ரே,’ அதாவது எஃபி என்கிற நான். இரண்டும் அவர் கையாலேயே எழுதிய இசைத்தாள்கள். பியானோ மேல் தோல் உறையில் இருந்தன.

நீங்கள் டண்டீ நகரத்து ஆள். அங்கே இதையெல்லாம் இப்போது பார்க்கிறார்களோ என்னவோ. ஒரு வீட்டில் கல்யாணமாகாத பெண்களில் மூத்தவள் வெறும் ‘மிஸ் ரட்ரே.’ அவளுக்கு முதல் பெயர் தேவையில்லை. இளையவளுக்குத்தான் நடுவில் பெயரைச் செருகுவார்கள். மூத்தவள் கல்யாணம் செய்துகொண்டாலோ கண்ணை மூடினாலோ அடுத்தவள் ஒரு படி ஏறுவாள். கிரிஸெல் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உடம்பிலும் இடுப்பு வலியைத் தவிர ஒரு குறையும் கிடையாது.

‘மிஸ் யூஃபீமியா ரட்ரே’ ஒரு துள்ளாட்ட மெட்டு. என் பதினெட்டாவது வயதில் உறைந்த குளத்தின்மேல் நடந்தபோது வழுக்கி, எல்லோர் கண்ணெதிரிலும் மூன்று தடவை தொப்பென்று உட்கார்ந்தேன். அந்த மூன்று தடவையும் அந்த மெட்டில் இருக்கிறது, இரண்டாவது பாகத்தில். ஆடுகிறவர்கள் சரியாக அந்த இடத்தில் மூன்று மிதி மிதிப்பார்கள். ஊர்க் கூடத்தில் எந்த நடனம் நடந்தாலும் பின்னாலிருந்து ஒருத்தன் கத்துவான்.

“எஃபியைப் போடுங்கப்பா! பலகை உடையட்டும்!”

நானும் சிரிப்பேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் மோசம்.

‘மிஸ் ரட்ரே’ வேறு சங்கதி. நிதானமான மெட்டு. முதல் பாகம் கீழேயே தயங்கித் தயங்கி நிற்கும். இரண்டாம் பாகத்தில் ஒரே ஒரு முறை மேலே ஏறி, அங்கே இருக்கப் பிடிக்காததுபோல் இறங்கிவிடும். 1919இல் ஆர்ச்சி போரிலிருந்து திரும்பி வந்து எங்கள் வரவேற்பறையில் வாசித்தபோதுதான் முதல்முதலாகக் கேட்டேன். கிரிஸெல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துத்தான் வாசித்தார். அந்த மெட்டு யாருக்கானது என்று எனக்கு அன்றே தெரியும். தாளின் தலைப்பில் என் பெயரை எழுதினால் ஊர் பேசும் என்பதற்காக மூத்தவளின் பெயரை எழுதி மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டார். இதை நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்கிற விஷயமா அது? 1926இல் அவர் போய்ச் சேர்ந்தார்.

போன இலையுதிர் காலத்தில் எடின்பரோவிலிருந்து டாக்டர் ஃபின்லேசன் என்பவர் கடிதம் எழுதினார். ஆர்ச்சியின் மெட்டுகளையெல்லாம் திரட்டிப் புத்தகமாக அச்சிடுகிறாராம். ஒவ்வொரு மெட்டுக்கு அடியிலும் அது யாருக்காகக் கட்டியது என்று ஒரு வரி வரும். எங்கள் இரண்டு தாள்களையும் அனுப்பி, விவரமும் எழுதச் சொல்லியிருந்தார். நான் கேட்டது அந்த ஒரு வரியைத்தான். ‘இளைய சகோதரிக்காகக் கட்டியது’ என்று. அச்சில் வந்துவிட்டால் அதுதான் நிலைக்கும், சார்ஜண்ட். நாங்கள் இரண்டு பேரும் மண்ணுக்குள் போன பிறகும் யாராவது ஒரு பெண் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து வாசிப்பாள்.

கிரிஸெல் மாட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமைத் தபாலில் தாள்களைத் தன் விவரத்தோடு அனுப்புவதாகச் சொன்னாள். அன்று வியாழன்.

மதியம் இரண்டரைக்கு ஆலங்கட்டியும் மழையுமாக அடிக்க ஆரம்பித்தது. கோழிகளை அடைக்க கிரிஸெல் பின்வாசல் வழியாகப் போனாள். வீட்டுச் செருப்பு, கம்பளிச் சட்டை. கோட்டு போடவில்லை. ஐந்து நிமிட வேலைக்கு யார் கோட்டு போடுவார்கள்? பின்கதவுக்கு அடியில் காற்று வந்தது. நான் தாழ்ப்பாளைப் போட்டேன். காற்றடித்தால் எப்போதும் போடுவோம், நீங்கள் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். முன்வாசலை அக்டோபரில் பூட்டினால் ஏப்ரலில்தான் திறப்போம். பிறகு நான் பியானோவில் உட்கார்ந்தேன். தாள்கள் மறுநாள் போகப் போகின்றன, கடைசியாக ஒரு முறை பார்த்து வாசிக்கலாம் என்று தோன்றியது.

முதல் பாகம் முடிவதற்குள் தட்டினாள்.

“எஃபி, தாழ்ப்பாள் விழுந்துடுச்சு போல. திற.”

நிதானமான மெட்டை நடுவில் நிறுத்தினால் கெட்டுவிடும். ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். முழுதாக வாசித்தேன்.

“எஃபி! காதுல விழலையா? பியானோ சத்தம் எனக்குக் கேக்குது, நான் தட்டறது உனக்குக் கேக்கலையா?”

கேட்டது. பியானோ அந்தக் கதவை ஒட்டிய சுவரில்தான் இருக்கிறது. நேற்று நீங்கள் காலடியால் அளந்து பார்த்ததை நானும் பார்த்தேன். கிரிஸெலுக்குத் தாளக்கட்டு என்றைக்கும் கிடையாது. மெட்டு ஒரு பக்கம் போக, தட்டு வேறு பக்கம் போனது. அதைச் சமாளித்து வாசிப்பது கொஞ்சம் சிரமமாக இருந்தது.

நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ வாசிக்கும்போது அவள் குரல் கதவின் கீழ்ப்பாதியிலிருந்து வந்தது. உட்கார்ந்திருக்க வேண்டும்.

“சரிடி. நீ சொன்ன மாதிரியே எழுதிடறேன். உனக்குத்தான் கட்டினார்னு எழுதறேன். திற, எஃபி. கை விறைச்சுப் போச்சு.”

இந்த இடத்தில் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். நானும் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்தேன். ஆனால் குளிரில் நடுங்குகிறவள் எதையும் சொல்வாள். உள்ளே வந்து நெருப்பருகில் கால் நீட்டிய உடனே மறுபடி அவள் மிஸ் ரட்ரே, நான் எஃபி. தவிர, அவள் எனக்குக் கொடுக்க அது அவளுடைய சொத்தா என்ன?

பதினோரு தடவை வாசித்தேன். ஏழாவதிலேயே தட்டுவது நின்றுவிட்டது. மற்ற நான்கும் நன்றாக அமைந்தன. அடுத்த வீடு ஒன்றரை மைல் தள்ளி, அதுவும் மேட்டு நிலம். அந்த இடுப்போடு அவள் அவ்வளவு தூரம் போகமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். வெளிச்சம் போவதற்கு முன்பே கதவைத் திறந்தேன். மூடியே வைத்திருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

கோழிக்கூண்டுப் பக்கம் வழுக்கி விழுந்திருக்கிறாள், நான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். தோலுரிந்த அவள் விரல் முட்டிகளை நீங்கள் வெகுநேரம் பார்த்தீர்கள். போதாததற்கு, ஆடு மேய்க்கும் வில்லியும் அந்த நேரத்தில் எங்கள் வீட்டுச் சாலை வழியாகப் போயிருக்கிறான். அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் காதில் விழும்படியே சொன்னான்.

“அன்னிக்கு மத்தியானம் அந்த மெட்டை என்னமா வாசிச்சீங்க, அம்மா. நான் நனைஞ்சுக்கிட்டே நின்னு கேட்டேன். அக்காவுக்குக் கடைசியா கேக்கக் கொடுத்து வெச்சிருந்தது.”

நல்ல காது அவனுக்கு. அவனைக் குறை சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் டாக்டர் ஃபின்லேசனிடமிருந்து கடிதம் வந்தது. ஆர்ச்சியின் நோட்டுப் புத்தகம் கிடைத்துவிட்டதாம். ‘மிஸ் ரட்ரே’ மெட்டை அவர் 1909இல் கட்டியதாகத் தேதி போட்டிருக்கிறாராம். அந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது, கிரிஸெலுக்குப் பதினொன்று. அப்போது இந்த வீட்டில் கல்யாணமாகாத மூத்தவள் எங்கள் அப்பாவின் அக்கா, போருக்கு முன்பே இறந்துபோன ஜேனட் அத்தை. ஆர்ச்சிக்கு முதல் பிடில் வாங்கிக் கொடுத்தவள். ஆகவே அந்த மெட்டு அவளுக்கானது என்கிறார் டாக்டர். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

படித்தவர்கள் தேதிகளை அளவுக்கு மேல் நம்புகிறார்கள். ஜேனட் அத்தைக்குச் சங்கீதமே பிடிக்காது, பிடில் சத்தம் கேட்டால் பல் கூசுகிறது என்பாள். கடிதத்தை அடுப்பில் போட்டேன். அன்றே அவருக்குப் பதிலும் எழுதிவிட்டேன். நோட்டுப் புத்தகத்தில் பிழை இருக்கிறது, அந்த மெட்டுக்கு உரிய மிஸ் ரட்ரே உயிரோடு இருக்கிறாள், விவரம் அவளே தருகிறாள் என்று.

காற்றுக்காகத் தாழ்ப்பாளைப் போட்டேன். அவள் உள்ளே வரக்கூடாது என்பதற்காகத் திறக்காமல் இருந்தேன். இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்தப் பதினாறு நாளும் தபால்காரரும் கடைக்காரரும் பாதிரியாரும் என்னைச் சரியாகத்தான் கூப்பிட்டார்கள். கடைக்காரர் ஒரு தடவை பழக்கத்தில் “எஃபியம்மா” என்று ஆரம்பித்துவிட்டு, நாக்கைக் கடித்துத் திருத்திக்கொண்டார்.

எழுதி முடித்துவிட்டீர்களா? கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன். கையெழுத்து அழகாக இருக்கிறது. ஆனால் முதல் வரியிலேயே தப்பு.

“அந்த ‘யூஃபீமியா’வை அடிச்சிடுங்க, சார்ஜண்ட். வீட்டுக்கு மூத்தவ இப்ப நான்தான். வெறும் ‘மிஸ் ரட்ரே’ன்னு போடுங்க, கையெழுத்துப் போட்டுத் தரேன்.”