நிறுத்தத் தெரியாத போர்டு

இங்கன கிட்ட வந்து உக்காரு மக்கா, பஸ்சு கெளம்ப நேரங்கெடக்கு... அந்தப் போர்டையே என்னத்தப் பாக்க? செவப்பா ஊர்ப்பேரு ஓடுதுல்லா, அதைச் செஞ்ச மகராசன் என் அண்ணன் மவந்தான், அருண்பாண்டியன். அறிவுன்னா அப்படி ஒரு அறிவு! தலை கொள்ளாம வெளிய வழியும்.

பெங்களூர் வேலைய உதறிட்டு வந்துட்டான். "இந்த ஒரு பஸ்சுல ஒழுங்கா ஓடட்டும், மிச்ச பஸ்சுக்கும் நீயே மாட்டு"ன்னாரு பஸ்சு மொதலாளி நல்லகண்ணு. ஓடலேன்னா? மாசமா இருக்க பொண்டாட்டிய இங்கன விட்டுட்டு மறுபடி பெங்களூருதான்.

போர்டுக்கு அடிமடியில கெர்னல்னு, மொத்தத்தையும் ஆட்டி வைக்குத புரோகிராம் ஒண்ணு இருக்காம். அதுக்குள்ள ஊர்ப்பேரைக் காப்பி பண்ணி வைக்க ஒரு எடம். பேரு முடிஞ்சதும், 'இத்தோட நிறுத்து'ன்னு ஒரு குறி வைக்கணும். இல்லேன்னா அது நிறுத்தாது மக்கா. பக்கத்துல என்ன கெடக்கோ அதையும் சேத்து வாசிச்சுக்கிட்டே போவும்... எங்க சின்ன மாமியா மாதிரி.

இவன் என்ன செஞ்சான்? ரூட்டுலயே நீளமான பேரு பனவடலிசத்திரம். அதை அளந்து, சரியா அந்த அளவுக்கே எடம் விட்டான். குறி எங்கன உக்காரும்? சட்டைக்கு அளவெடுத்தவன் தையலுக்குத் துணி விடலேன்னா எப்படி! அவன் பொண்டாட்டி யோகலட்சுமியும் அதே படிப்புத்தான். "குறிக்கு எடம் ஒதுக்கிட்டு, பேரு கொள்ளலேன்னா கொள்ளலேன்னு சொல்லுத காப்பி வரி ஒண்ணு இருக்குல்லா, அதைப் போடுங்க"ன்னா. "ஏட்டி, எனக்கே பாடமா?"ன்னு கேட்டுட்டான். ராயகிரின்னு போட்டுப் பாத்தான். ஓடிச்சு. சின்னப் பேரு, ஓடாம என்ன செய்யும்?

மொத நாளு. போர்டுக்கு மாலை போட்டு, சூடங் காட்டி, மொதலாளி முன்னால நிக்காரு. ராயகிரி வந்துது, ஒரே கைதட்டு. அடுத்தால பனவடலிசத்திரம் வந்துது... நிக்கல! டெஸ்டுக்குன்னு வெளையாட்டா பக்கத்து எடத்துல இவன் அடிச்சு வச்சிருந்தது வாலாட்டம் பின்னாலயே வருது: 'மொதலாளி கஞ்சப்பய'. சங்கரங்கோயில் பஸ்ஸ்டாண்டே சத்தம் போட்டு வாசிக்குது!

"யாருலே கஞ்சப்பய?"

"அண்ணாச்சி, அது... மெமரியில ஒரு..."

"அடுத்த டிரிப்புக்குள்ள சரியாகல, களட்டித் தெருவுல வீசிருவேன்!"

வேர்த்து ஊத்த லேப்டாப்பத் தொறந்தான். போன்ல யோகலட்சுமி, "நான் சொன்ன அந்த ஒரு வரிய மாத்துங்க, போதும்"ங்கா. ஒரு வரி மக்கா! மாத்துனானா? "நீ சொன்னதப் போட்டா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவ"ன்னு போன வச்சுட்டான்.

ஆனா எல்லா பஸ்சுக்கும் இவந்தான் மாட்டுதான் இப்ப. பனவடலிசத்திரம் ஓடும்போதெல்லாம் மொதலாளி மீசையத் தடவிக்கிட்டு நிக்காரு. எப்படின்னு கேளேன்... ஏய், எங்க எந்திரிக்க? கேட்டுட்டுப் போ! காப்பி வரிய அவன் தொடவே இல்ல. பக்கத்து எடத்துல கெடந்த 'கஞ்சப்பய'வ மட்டும் அழிச்சிட்டு, அங்கன 'வள்ளல்'னு அடிச்சு வச்சான்.