முப்பதாம் நாள் அழைப்பு

தொலைபேசியை எடுத்ததும் பாதிப் பேர் என்னை ஏதோ விற்க வந்தவள் என்றே நினைப்பார்கள். "எதுவும் வேண்டாம்மா" என்று வைத்துவிடுவார்கள். நான் மறுபடி அழைப்பேன். என் வேலை அது.

டான்யூப் ஆற்றங்கரையில் எங்கள் மருத்துவமனை. அவசரப் பிரிவுக்கு நெஞ்சுவலியோடு வருபவர்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. முடிவு நன்றாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அப்படி அனுப்புவது ஆபத்தா இல்லையா என்பதுதான் டாக்டர் வெலிச்கோவின் ஆய்வு. அனுப்பிய அறுநூறு பேரையும் முப்பதாம் நாள் அழைத்து, எப்படி இருக்கிறார்கள் என்று நான் குறிக்க வேண்டும்.

பெரும்பாலோர் நலம். திராட்சை விளைச்சல், ஜெர்மனிக்குப் போன மகன் என்று பேச்சு நீளும்.

படகுத்துறைத் தொழிலாளி ஸ்தோயிலின் வீட்டில் அவர் மனைவி பென்கா எடுத்தார்.

"அவரு இல்லம்மா. உங்க ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மறுநாளே போயிட்டாரு. நாப்பதாம் நாள் காரியத்துக்கு அவிக்கக் கோதுமை வாங்கி வெச்சிருக்கேன்."

வருத்தம் தெரிவித்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அங்கேயே படுக்க வெச்சிருந்தா பொழச்சிருப்பாரா? வீட்டுக்குப் போலாம்னு நான்தான் அவசரப்படுத்துனேன்."

"இல்லக்கா. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. உங்க மேல தப்பே இல்ல."

வெகுநேரம் அழுதார். பிறகு நன்றி சொன்னார்.

படிவத்தில் 'இறப்பு' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதினால் விசாரணை வரும். யாராவது அவர் வீட்டுக்குப் போய், பிழைத்திருப்பார் என்று சொல்லிவிடுவார்கள். நான் கொடுத்த ஆறுதல் பறிபோகும். 'நலம்' என்று எழுதினேன்.

ஒருத்திக்குச் செய்ததை இன்னொருத்திக்கு எப்படி மறுப்பது? மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது வீட்டிலும் அதே கேள்வி. நானும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

ஒரு மரணமும் இல்லை என்று ஆய்வு வெளியானது. டாக்டர் எங்கள் எல்லோருக்கும் சூடான பனீர் அடை வாங்கி வந்தார். அவருக்கு எதுவும் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள்.

பிறகு பதினான்கு மருத்துவமனைகள் எங்கள் முறைக்கு மாறின. அங்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டு இறந்தவர்கள் நாற்பத்தொரு பேர் என்று, விசாரிக்க வந்த நீங்கள் காட்டிய பட்டியலை முழுதாகப் படித்தேன். படிவங்களில் 'நலம்' என்று எழுதியது நான்தான். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்தும் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த வீட்டார் வந்து, பிழைத்திருப்பாரா என்று கேட்டால், உண்மையைச் சொல்லி அவர்களை நோகடிக்காதீர்கள். அவ்வளவு கல்மனம் யாருக்கும் ஆகாது.