சீமை அத்தியைக் காப்பாற்றிய விதம்

அத்திப்பழத்தைப் பறிக்கும்போது பழத்தில் விரல் படக்கூடாது, காம்பைத்தான் பிடிக்க வேண்டும். இது தெரிந்தவர்கள் நம் பழவளர்ப்போர் சங்கத்தில் நாலு பேர்கூட இல்லை, தலைவரையும் சேர்த்து.

வெள்ளிக்கோப்பை வாங்கியவர் பழத்தை எப்படிக் காப்பாற்றினார் என்று ஆண்டு மலரில் எழுதுவது சங்கத்தின் வழக்கம். போன வருஷம் மாதுளைக்குக் கோப்பை வாங்கிய இன்ஜினீயர் ஆறு பக்கம் எழுதினார். அதில் நாலரைப் பக்கம் அவர் கட்டிய பாலங்கள். மாதுளைக்கு எரு போட்டாரா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதனால் செயலாளர் தாணுமாலையன் இந்தத் தடவை என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “சாரே, பறவைக்கு, பூச்சிக்கு, அணிலுக்கு என்ன செய்தீங்களோ அது போதும். ஆனா ஒண்ணும் விடாம எழுதணும், கேட்டோ.”

ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

என் பெயர் வெங்கடசுப்ரமணியன். ஸ்ரீவராகத்தில் குடியிருக்கிறேன். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முப்பத்திரண்டு வருஷம் கம்பவுண்டராக இருந்து 1971-ல் ஓய்வுபெற்றேன். தெருவில் என்னை டாக்டர் சாமி என்பார்கள். அப்படிக் கூப்பிடும்படி நான் யாரிடமும் சொன்னதில்லை. கூப்பிட்டவர்களைத் திருத்தியதும் இல்லை. அடுத்த வீட்டு லலிதாம்பாள் மட்டும் கம்பவுண்டர் என்பாள். வாசலில் நாலு பேர் நின்றால் கொஞ்சம் உரக்க என்பாள்.

மரம், பெங்களூரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு கொம்பு. திருவனந்தபுரத்து மழைக்குச் சீமை அத்தி ஒத்துக்கொள்ளாது என்று நம் தலைவர் மூன்று கூட்டங்களில் பேசினார். நாலாம் வருஷம் காய்த்தது. அந்த வருஷக் கூட்டத்தில் அவர் தென்னையைப் பற்றிப் பேசினார்.

போட்டி விதி எல்லோருக்கும் தெரியும். ஒரே மரத்துப் பழம் பன்னிரண்டு, காம்போடு, தோலில் கீறல் இல்லாமல். மாம்பழம்போல் வைக்கோலில் போட்டு அத்தியைப் பழுக்கவைக்க முடியாது. மரத்திலேயே பழுக்க வேண்டும். அதுவும் இன்று ஒன்று, நாளை இரண்டு என்றுதான் பழுக்கும். ஒரே காலையில் பன்னிரண்டு வேண்டுமென்றால் அறுபது காயைக் காவல் காக்க வேண்டும்.

முதலில் எறும்பு. அடிமரத்தில் பழைய வேட்டித் துண்டைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினேன். பழ ஈக்கு, சிரட்டையில் பாளையங்கோடன் வாழைப்பழத்தை மசித்துச் சர்க்கரையும் பூச்சிமருந்தும் கலந்து நாலு கொம்பில் தொங்கவிட்டேன். குளவியும் அதிலேயே விழுந்தது. வௌவாலுக்கு வலியதுறையில் வாங்கிய கிழிந்த மீன்வலை. அணிலுக்குக் கூண்டுப்பொறியும் ஒரு பெரிய வாளித் தண்ணீரும். பொறியோடு தண்ணீரில் இறக்கிக் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம் நிற்க வேண்டும். ஒன்றரை நிமிஷத்தில் எடுத்தால் சிலது மறுபடி அசையும். மொத்தம் இருபத்தொன்று.

“ராமர் தடவிக்கொடுத்த ஜீவனாக்கும் அது” என்றாள் லலிதாம்பாள், மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று.

“அவர் என் மரத்துப் பழத்தைத் தின்னச் சொல்லித் தடவிக்கொடுக்கவில்லை மாமி” என்றேன்.

பழத்துக்குப் பழம் துணிப்பை கட்டினேன். மைனாவும் குயிலும் ஏமாந்துபோயின. காக்கை ஏமாறவில்லை. பை கட்டியிருந்தால் உள்ளே பழம் இருக்கிறது என்று அதற்குப் புரிந்துவிட்டது. பழம் இருக்கிற இடத்துக்கெல்லாம் நானே பெயர்ப்பலகை மாட்டிய கதையாகிவிட்டது. ஒரே காலையில் ஒன்பது பையைக் கிழித்தன. பழத்தை முழுக்கத் தின்றால்கூடப் பரவாயில்லை. ஒரு கொத்துக் கொத்திவிட்டு அடுத்த பழத்துக்குப் போய்விடும்.

இந்தக் காக்கைகள் எங்கிருந்து வந்தன என்பதை விளக்க வேண்டும்.

லலிதாம்பாளின் புருஷன் செக்ரட்டேரியட்டில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து காலமானவர். உயிரோடு இருந்தபோது தினம் காலையில் என் வீட்டுக்கு வந்து, நான் படிப்பதற்கு முன் என் பேப்பரை எடுத்துப் படிப்பார். போய்ப் பதினொரு வருஷம். அன்றிலிருந்து அந்த அம்மாள் காலையில் குளித்துச் சமைத்து, வாழையிலைத் துண்டில் நெய்யும் பருப்புமாக ஒரு உருண்டை சாதத்தை முற்றத்துக் கல்லில் வைத்து “கா, கா” என்று கூப்பிடுவாள். காக்கை வாய் வைத்த பிறகுதான் தான் சாப்பிடுவாள். நம் தெருவில் பலரும் வைக்கிறார்கள், காக்கை வராவிட்டால் கொஞ்சம் பார்த்துவிட்டு இலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இவள் அப்படி இல்லை. “அவர் சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிடறது?” என்பாள். பதினொரு வருஷத்தில் ஒருநாளும் மாற்றியதில்லை. அவர் சாப்பிட்டு முடித்து, வழக்கம்போல மதில் தாண்டி என் பக்கம் வந்துவிடுவார்.

சாதத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். தெருவில் நாலு பேர் இருக்கும்போது கேட்டது என் தப்பு.

“கம்பவுண்டர் சொல்றார் கேட்டேளா, அவரோட அத்திப்பழத்துக்காக எங்காத்துக்காரரைப் பட்டினி போடணுமாம்!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். “கோப்பை கெடைச்சா அதுல என்ன கலக்கப் போறார்? கார்மினேட்டிவ் மிக்ஸ்சரா?” என்று ஒருவர் கேட்க, மறுபடியும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபமே வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

இன்னொரு விவரம். அந்த அம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. தினம் காலை ஒன்பது மணிக்கு இன்சுலின் ஊசி போடுவது நான்தான், ஆறு வருஷமாக, காசு வாங்காமல். மடியாகக் குளித்துவிட்டு வந்தவள் கையை நீட்டி, “ஆபத்துக்குப் பாவமில்லை, போடுங்கோ கம்பவுண்டர்” என்பாள். ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் முதலில் வியர்க்கும், பிறகு கை நடுங்கும், பிறகு நாக்குக் குழறும். அதற்குப் பிறகு உள்ளதைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் புத்தகம் தேவையில்லை, வார்டில் பார்த்திருக்கிறேன். காக்கை எப்போதும் ஒன்பது பத்துக்கே வந்துவிடும் என்பதால் இது ஒரு பிரச்சனையாக இருந்ததில்லை.

காக்கைக்கு ஒரே மருந்து செத்த காக்கை. ஒன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் மற்றவை ஒருநாள் முழுக்கக் கத்திவிட்டு அந்த இடத்தையே விட்டுப் போய்விடும். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் சொரிமுத்துவைக் கூப்பிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், மண்டியில் எலிக்கு மருந்து வைப்பதும் அவன்தான்.

“காக்கா சனீஸ்வரன் வாகனம்லா சாமி. நான் கையால அடிக்க மாட்டேன்” என்றான்.

“மருந்து வைப்பாயா?”

“மருந்துன்னா வைக்கலாம். அதுவா வந்து திங்குது, அதுவா சாவுது. அதுக்கு நான் என்ன சாமி பண்ண முடியும்?”

இந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது.

கண்காட்சி பிப்ரவரி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை அத்திமரத்தில் முதல் காக்கையைக் கட்டினோம். சாயங்காலம்வரை தெருவே அலறியது. வியாழனன்று மரத்துப் பக்கம் ஒரு காக்கையும் வரவில்லை. லலிதாம்பாள் முற்றத்துக்கு மட்டும் பத்தேகாலுக்கு ஒன்றே ஒன்று வந்தது, பயந்துகொண்டே. அதுவரை அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதிலோரமிருந்து பார்த்தேன், முகமெல்லாம் வியர்வை. சாப்பிட்டதும் தெளிந்துவிட்டாள்.

அந்த ஒரு காக்கை சாதத்தைத் தின்றுவிட்டு அத்திமரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் பயம் தெளிந்து எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வரும். ஆகவே அன்று மாலை சொரிமுத்துவிடம் இன்னொன்று வாங்கி, ஒரு மூங்கிலில் கட்டி, மதிலில் அவள் முற்றத்தைப் பார்த்து நிறுத்தினேன். மூங்கில் என்னுடையது. மதிலும் என்னுடையது.

வெள்ளிக்கிழமை ஒன்றும் வரவில்லை. அவள் இலையை எடுத்துக்கொண்டு கோயில் குளக்கரை வரை நடந்து, அங்கே ஒரு காக்கை வாய் வைத்த பிறகு, கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாத்திரம் தேய்க்கிற சரசம்மா கைத்தாங்கலாகக் கூட்டிவந்து சோற்றைப் பிசைந்து கொடுத்தாள். மாலையில் லலிதாம்பாள் என் வாசலுக்கு வந்தாள். வாசலில் வேறு யாரும் இல்லை.

“அதை அவுத்துடுங்கோ. பாக்கச் சகிக்கலை.”

“ஞாயித்துக்கிழமை கண்காட்சி முடிஞ்சதும் அவுத்துடறேன் மாமி.”

“அது வரைக்கும் நான் என்ன சாப்பிடறது?”

“சாதம்தான். யார் வேண்டாம்னா?”

“உமக்கு அத்திப்பழம்தானே வேணும்? சாலையில கயத்துல கோத்து விக்கறான். ஒரு மாலை வாங்கித் தரேன், கழுத்துல போட்டுக்கும் கம்பவுண்டர்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை மரத்தில் எண்ணிப் பார்த்தேன். கழுத்துத் துவண்டு, தோல் கருஞ்சிவப்பாகி, காம்பில் பால் வற்றிய பழங்கள் பதினான்கு. நாலு வருஷத்தில் முதல் தடவை. ஒன்பது மணிக்கு ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். வழக்கமான அளவுதான் போட்டேன். ஒரு சொட்டுக் கூட்டவில்லை.

சாப்பிடப்போவதில்லை என்று தெரிந்தும் ஏன் போட்டேன் என்று அங்கத்தினர் கேட்கலாம். டாக்டர் எழுதியதைக் கொடுப்பது கம்பவுண்டரின் வேலை. நோயாளி சாப்பிடுவாரா என்று யோசிப்பது டாக்டரின் வேலை. நான் யார் என்று அந்த அம்மாளே ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கும் குளத்துக்குப் போய்ப் பாக்கறேன்” என்றாள்.

“வேண்டாம் மாமி. நேத்து தலை சுத்தித்து இல்லையா, எங்கயாவது விழுந்து எலும்பை முறிச்சுக்கப் போறேள். ஆத்துலயே இருங்கோ. சனிக்கிழமை, கட்டாயம் வரும்.”

ஆறு வருஷத்தில் நான் சொன்னதை அவள் மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றுதான். “நீங்க சொன்னாச் சரி” என்றாள். சரசம்மா சனிக்கிழமைகளில் மத்தியானம்தான் வருவாள் என்பது தெருவுக்கே தெரியும்.

பறித்தல்: சின்னக் கத்திரிக்கோலால் காம்பை விரற்கடை நீளம் விட்டு வெட்ட வேண்டும். அவசரப்படக் கூடாது. கை நடுங்கக் கூடாது. நான் வெட்டிக்கொண்டிருக்கும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் “கா, கா” என்று குரல் கேட்டது. ஏழாவது பழத்தின்போது குரல் இடைவெளி விட ஆரம்பித்தது. பத்தாவது பழத்தில் குழறியது. காக்கையை விட்டுவிட்டு ஒரு ஆள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. புருஷன் பெயர், அது வரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. குளுக்கோஸ் டப்பா என் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருந்தது. பதினொரு மணிக்குப் பன்னிரண்டாவது பழத்தைப் பஞ்சில் வைத்தேன். அதற்குமேல் சத்தம் இல்லை. மீதி இரண்டு பழத்தையும் பறித்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

சரசம்மா இரண்டு மணிக்கு வந்து பார்த்துக் கத்தினாள். முதலில் ஓடிப்போய் நாடி பார்த்தவன் நான்தான். டாக்டர் வந்து, வயசு, சர்க்கரை என்று எழுதிக் கொடுத்தார். ஊசி போட்டீரா, எவ்வளவு என்று என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுக்கும் உண்மையான பதில் சொன்னேன். நாகர்கோவிலிலிருந்து தம்பி நீலகண்டன் வந்து, இருட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்கு இடைஞ்சல் இல்லை. நடுவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒரு நகக்கீறல்கூட இல்லை என்று மைக்கில் சொன்னார். தலைவர் கோப்பையைக் கொடுக்கும்போது என்னை டாக்டர் வெங்கடசுப்ரமணியன் என்றே அழைத்தார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

நான் அந்த அம்மாளைத் தொட்டது ஊசி போட மட்டும்தான். இலையில் சாதம் இருந்தது, வாய் இருந்தது, கை இருந்தது. சொரிமுத்து சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னதால் பத்தாம் நாளையும் எழுதுகிறேன். அன்று நீலகண்டன் அக்காவுக்குப் பிண்டம் வைத்தார். காக்கை எடுத்தால்தான் வீட்டில் இலை போட முடியும். பதினேழு பேர் முற்றத்தில் நின்று “கா, கா” என்று கத்திப் பார்த்தார்கள். பன்னிரண்டு மணி, ஒரு மணி. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. அவளுக்கு ஏதோ மனக்குறை இருக்கிறது என்று சாஸ்திரிகள் சொல்ல, நீலகண்டன் கையெடுத்துக் கும்பிட்டு, “அக்கா, என்ன குறைன்னு சொல்லேன்” என்று தேம்பினார்.

நான் என் தோட்டத்துக்குப் போய் ஏணியை வைத்து இரண்டு காக்கைகளையும் அவிழ்த்தேன். குழி தோண்டிப் புதைத்ததையும் சேர்த்து ஐந்து நிமிஷம். கொஞ்ச நேரத்தில் ஓட்டின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது, பின்னாலேயே நாலு. இரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிட்டார்கள். என்னையும் பந்தியில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். எனக்கு இளகிய மனசு. அடுத்த வீட்டில் மனுஷர்கள் இலையை வைத்துக்கொண்டு பசியோடு காத்திருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.