வெர்லின் ஸ்ட்ரோம் சுடப்பட்டது பற்றி நான் இரண்டாவது தடவை சொல்வது

பெயர்: ஆர்டிஸ் ஹாக்னஸ். வயது: 62. கணவர்: கெர்மிட் ஹாக்னஸ், காலமாகிவிட்டார். தொழில்: பள்ளிப் பேருந்து ஓட்டுநர். விலாசம்: கிரே கூலி ஊருக்கு வடக்கே ஒன்பதாவது மைல், டன்னிங்கர் கவுண்டி, மொன்டானா. 2014 அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை காலை 10.20 மணிக்கு ஷெரிஃப் அலுவலகத்தில் துணை ஷெரிஃப் டேரல் நிப்ரூட் முன்னிலையில் நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டது.

மேற்படி விலாசத்தில் முப்பத்தேழு வருடமாக வசித்து வருகிறேன். கணவர் இந்த மார்ச் மாதம் இறந்ததிலிருந்து தனியாக இருக்கிறேன். பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்றும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம் என்றும், நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்றும் துணை ஷெரிஃப் வாசித்துக் காட்டினார். புரிந்தது என்றேன். வழக்கறிஞர் வேண்டாம் என்றேன். இந்த மாதம் 11ஆம் தேதி மாலை நான் கொடுத்த வாக்குமூலத்தில், வெர்லின் ஸ்ட்ரோம் என்னுடைய பிஸ்டலைத் துடைக்கும்போது தவறித் தன்னையே சுட்டுக்கொண்டுவிட்டார் என்று சொல்லியிருந்தேன். அது பொய். நடந்தது பின்வருமாறு.

மேற்படி வெர்லின் ஸ்ட்ரோம், வயது 68, எங்கள் வேலிக்கு அடுத்த நிலத்துக்காரர். நெடுஞ்சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மாவிஸும் நானும் ஒரே தேவாலயத்தில் ஒரே வரிசையில் உட்காருகிறவர்கள். இரண்டு குடும்பத்துக்கும் இடையில் எந்தத் தகராறும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை என் கேட்டருகே லாரி அடித்துப் போட்ட பெண்மான் ஒன்று பின்னங்கால்கள் இரண்டும் முறிந்து கிடந்தது. கணவருடைய ரிவால்வரை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு வலது ஆட்காட்டி விரலில் மூட்டுவாதம். அந்த ரிவால்வரின் விசை கெட்டியானது. இரண்டு விரல்களை வைத்தும் இழுக்க முடியவில்லை. சுமார் இருபது நிமிடம் அதன் தலைமாட்டில் நின்றேன். மான் கத்தவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதன் பிறகு அந்த வழியாக வந்த வெர்லின் இறங்கி, என் கையிலிருந்து வாங்கி, காரியத்தை முடித்துவிட்டு, "இது கெர்மிட் கைக்கு வாங்கினது ஆர்டிஸ். உன் கைக்கு ஒண்ணு வாங்கு," என்றார்.

அதன் பிறகு செப்டம்பர் மாதத்தில் நான் ஒரு சிறிய பிஸ்டல் வாங்கினேன். அந்த வகைத் துப்பாக்கியை அதற்கு முன் நான் கையில் பிடித்ததில்லை. ரிவால்வரில் ஆறு ஓட்டை உள்ள உருளையைத் திறந்து சாய்த்தால் தோட்டா எல்லாம் கொட்டிவிடும், காலி என்பது கண்ணுக்குத் தெரியும். இதில் தோட்டாக்கள் மேகசின் என்ற தகரப் பெட்டிக்குள் இருக்கும், அதைக் கைப்பிடிக்குள் செருக வேண்டும். மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டால் ஒரு தோட்டா குழலுக்குள் ஏறும். ஒவ்வொரு சூட்டுக்கும் ஸ்லைடு தானே பின்னால் போய், சுட்ட தோட்டாவின் காலிக் குப்பியை வெளியே எறிந்துவிட்டு, அடுத்ததை ஏற்றும். அப்படி ஏற்ற வேண்டும். என்னுடையது ஏற்றவில்லை.

செப்டம்பர் 20, சனிக்கிழமை, வெர்லினும் நானும் கவுண்டி சாலைக்கு மேற்கே உள்ள பழைய சரளைக் குழிக்குப் போய் அதைச் சுட்டுப் பார்த்தோம். முதல் தோட்டா சுட்டது. இரண்டாவது பாதி வழியில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. வெர்லின் எட்டிப் பார்த்து, "உன் ஸ்கூல் பஸ் மாதிரிதான் இருக்கு. ரெண்டாவது ஸ்டாப்லயே நின்னுடுச்சு," என்றார். "என் பஸ் இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு நாளும் நின்னதில்ல. நீ ரிப்பேர் பாத்த பனி வண்டிங்கள யாரு இழுத்துட்டு வந்தாங்கன்னு ஊரைக் கேளு," என்று நான் சொன்னேன். அன்று முப்பது தோட்டாவில் ஒன்பது சிக்கின.

இந்த இடத்தை அப்படியே எழுதும்படி துணை ஷெரிஃபைக் கேட்டுக்கொண்டேன். தோட்டா சிக்கியபோதெல்லாம் நான் முதலில் ஸ்லைடை இழுத்தேன், அதன் பிறகு மேகசினை உருவினேன். சிக்கிய தோட்டா கீழே விழும். மேகசின் உள்ளே இருப்பதால் அடுத்தது ஏறப் பார்க்கும், ஆனால் அதுவும் வழியிலேயே நின்றுவிடும், மேகசினை உருவினால் அதுவும் கீழே விழும். குழல் காலியாகவே இருக்கும். வெர்லின் இதைக் கவனித்து, "மேகசினை முதல்ல எடு ஆர்டிஸ். அப்புறம் இழு. அப்புறம் உள்ள பாரு," என்று இரண்டு தடவை சொன்னார். சரி என்றேன். என் கை மாறவில்லை. துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்யாததால் என் தவறினால் எந்தக் கெடுதலும் வரவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் வெர்லின் கிட்டத்தட்ட தினமும் சாயங்காலம் என் கொட்டகைக்கு வந்தார். முதலில் தொழிற்சாலையில் பூசிய கிரீஸைக் கழுவி எடுத்து, துளி எண்ணெய் மட்டும் போட்டார். அதன் பிறகு நான் தளர்வாகப் பிடிக்கிறேன், அதனால் ஸ்லைடு முழு தூரம் போகவில்லை என்று சொல்லி, மணிக்கட்டை விறைப்பாக வைக்கப் பழக்கினார். மூக்கில் குழி உள்ள தோட்டாக்களை விட்டு உருண்டை மூக்குத் தோட்டாக்களை வாங்கச் சொன்னார். தோட்டா ஏறும் சரிவை அரத்தால் ராவி விடலாமே என்று நான் கேட்டதற்கு, "ராவினத திரும்ப ஒட்ட முடியாது. கடைசியாத்தான் அரத்தத் தொடணும்," என்றார். மாவிஸின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து வந்து இரண்டு மேகசின்களிலும் 1, 2 என்று எழுதி, எது எத்தனை தடவை சிக்குகிறது என்று ஒரு சிட்டையில் கோடு போட்டார். எல்லாக் கோடும் இரண்டாம் எண்ணில் விழ ஆரம்பித்தது. அதன் வாய் விளிம்பு விரிந்திருந்தது. கடைக்காரர் அதற்குப் பதிலாக வேறு கொடுத்தார். அதில் 3 என்று எழுதினார்.

அந்த மூன்று வாரத்தில் மாவிஸ் ஒரு தடவை என்னைத் தேவாலயத்து வாசலில் நிறுத்தி, வேலையை விட்டு வந்ததிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்த மனிதர் இப்போது சாப்பாட்டு மேஜையில் வாயோயாமல் பேசுகிறார் என்றும், அந்தப் பாழாய்ப்போன துப்பாக்கி சீக்கிரம் சரியாகாமல் இருந்தால் நல்லது என்றும் சொன்னாள்.

அக்டோபர் 11, சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு என் பிக்கப் வண்டியில் மறுபடி சரளைக் குழிக்குப் போனோம். ஒன்று, மூன்று என்று எழுதிய மேகசின்களில் மாற்றி மாற்றி ஐம்பது தோட்டா சுட்டேன். வெர்லின் பின்னால் நின்று சத்தமாக எண்ணினார். ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஐம்பது என்றதும், "இப்பத்தான் இது துப்பாக்கி. இதுவரைக்கும் ஆணியடிக்கிற சுத்தியல்," என்றார். ஐந்து மணிக்குத் தங்கள் வீட்டில் பன்றி இறைச்சியும் முட்டைக்கோஸும், நானும் வர வேண்டும், மாவிஸ் சொல்லி அனுப்பினாள் என்றார். வருகிறேன் என்றேன்.

அதன் பிறகு இன்னும் ஒரு தடவை சுட ஆசைப்பட்டு ஆறு தோட்டா அடைத்தேன். மூன்று சுட்டதும் காற்று எழும்பி மணலை முகத்தில் அடித்தது. போதும் என்றார் வெர்லின். நான் முன் செய்தது போலவே முதலில் ஸ்லைடை இழுத்தேன். நான்காவது தோட்டா வெளியே விழுந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு மேகசினை உருவினேன். துப்பாக்கி காலி என்று நினைத்தேன். ஆனால் இப்போது எதுவும் சிக்குவதில்லை. நான் ஸ்லைடை விட்டவுடனேயே ஐந்தாவது தோட்டா ஒழுங்காகக் குழலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நான் உள்ளே பார்க்கவில்லை. மேகசினில் மிச்சம் இருப்பது ஒன்றா இரண்டா என்றும் எண்ணவில்லை.

அந்த பிஸ்டலைத் துடைப்பதற்குக் கழற்ற வேண்டுமானால், முதலில் விசையை ஒரு தடவை இழுத்துவிட வேண்டும். வண்டியின் பின்பலகையில் துணி விரித்து, துப்பாக்கியைத் தரையைப் பார்த்துப் பிடித்து, கழற்றுவதற்காக விசையை இழுத்தேன். அப்போது மணி சுமார் 3.40. வெர்லின் வண்டிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் காலிக் குப்பிகளைப் பொறுக்கிக்கொண்டே, குனிந்தபடி இந்தப் பக்கம் வந்திருந்தார். குண்டு வலது விலாவுக்குக் கீழே பட்டது. அவர் விழவில்லை. சரளை மேல் உட்கார்ந்தார். கையிலிருந்த குப்பிகளைக் கீழே போடாமல் சட்டைப் பைக்குள் போட்டார்.

குழிக்குள் தொலைபேசி எடுக்காது. அவரை வண்டியில் ஏற்றி, துணியை மடித்து அவர் கையாலேயே அழுத்திப் பிடிக்கச் சொல்லி, நெடுஞ்சாலையை நோக்கி ஓட்டினேன். பன்னிரண்டு மைல். நான்காவது மைல் மேட்டில் ஆம்புலன்ஸுக்குப் பேசினேன், சந்திப்பில் நிற்கச் சொன்னார்கள். அதன் பிறகு வெர்லின், "நான் துடைச்சுக்கிட்டிருந்தேன். என் கையிலதான் இருந்துச்சு. அப்படிச் சொல்லு," என்றார். பேசாதே என்றேன். "உன்ன பஸ் ஓட்ட விட மாட்டாங்க ஆர்டிஸ். சொல்றேன்னு சொல்லு," என்றார். அவர் விடவில்லை. சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு அவர், வண்டியின் இடது முன்சக்கரத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது, பனி விழுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. சந்திப்பில் பதினோரு நிமிடம் காத்திருந்தோம். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை.

அன்று மாலை இதே அறையில் இதே துணை ஷெரிஃபிடம், வெர்லின் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். டேரல் சிறுவனாக இருந்தபோது என் பஸ்ஸில் வந்தவர். நான் சொன்னதை எதிர்க்கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார்.

அடக்கம் முடிந்த பிறகு ஊரில் வேறு பேச்சு ஆரம்பித்தது. வெர்லினின் தம்பி 1987இல் கொட்டகைக்குள் தன்னையே சுட்டுக்கொண்டவர் என்பது எல்லோருக்கும் தெரியும். என் முன்னால் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் கடைக்குள் போனால் பேச்சு நின்றது.

அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை, மாவிஸ் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். சமையலறை மேஜையில் விதைக் கம்பெனி காலண்டரின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தாள். கேட் கீலுக்கு எண்ணெய் போட்டது, பில்லிங்ஸில் இருக்கும் மகளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு தடவை போன் பேசியது, துளையிடும் மெஷினைப் பக்கத்துக்காரருக்குக் கொடுத்தது, கடைசி நாள் காலையில் தட்டில் பாதியை மிச்சம் வைத்தது என்று அவர் செய்ததெல்லாம் அதில் இருந்தது. "நாப்பது வருஷம் மெக்கானிக்கா இருந்த மனுஷன், உள்ள குண்டு இருக்கா இல்லையான்னு பாக்காமலா துடைப்பாரு? நீதானே பக்கத்துல இருந்த. வேணும்னே செஞ்சாரா ஆர்டிஸ்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எனக்காகச் சொல்ற," என்றாள். அதன் பிறகு அந்தப் பட்டியலில் இன்னொரு வரி எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டு நடையும் பஸ் ஓட்டினேன். இன்று காலை நடை முடிந்ததும் 8.30 மணிக்கு நேராக மாவிஸ் வீட்டுக்குப் போய், உட்காராமலே, மேலே உள்ள அனைத்தையும் அவளிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு, "அப்ப அவரு என்ன பண்ணிட்டிருந்தாரு?" என்று கேட்டாள்.

"காலிக் குப்பி பொறுக்கிட்டிருந்தாரு."

"உன்னப் பாத்தாரா?"

"இல்ல. குனிஞ்சிருந்தாரு."

"அப்ப சாப்பிட வீட்டுக்கு வரத்தான் இருந்தாரு."

"ஆமா மாவிஸ். அஞ்சு மணிக்கு."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு பட்டியலை எடுத்து அடுப்பில் போட்டாள். என் பக்கம் திரும்பாமல், "இத நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம். பதினேழு நாளு," என்றாள். "இனிமே இந்த வீட்டுக்கு வராத," என்றாள். சரி என்றேன். அங்கிருந்து பள்ளி அலுவலகத்துக்குப் போய் பஸ் சாவியைக் கொடுத்துவிட்டு இங்கே வந்தேன்.

வெர்லின் ஸ்ட்ரோமிடம் அன்று எந்த வருத்தமும் தெரியவில்லை. துப்பாக்கியை அவர் கையில் வாங்கவே இல்லை. பொய் சொல்லச் சொன்னது அவர் என்றாலும், அதைச் சொன்னது நான்தான்.

எழுதியதைத் துணை ஷெரிஃப் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். ஓர் இடத்தில் 'பிஸ்டல் எதிர்பாராமல் வெடித்து அவர் மேல் பட்டது' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு 'நான் விசையை இழுத்தேன்' என்று எழுதச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதானே மிஸஸ் ஹாக்னஸ்," என்றார். "இல்ல டேரல்," என்றேன். அவர் அதை அடித்து மாற்றி எழுதினார். ஓரத்தில் நான் சுருக்கொப்பம் இட்டேன். மற்றபடி இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நான் சொன்னதே, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னதே, இந்தத் தடவை உண்மையே.

(ஒப்பம்) ஆர்டிஸ் ஹாக்னஸ்

என் முன்னிலையில் வாசித்துக் காட்டப்பட்டு ஒப்பமிடப்பட்டது. முற்பகல் 11.55.
டேரல் நிப்ரூட், துணை ஷெரிஃப்