அருவிக்கரையில் படுத்தவர்கள்

ஓடுகிறோம். முழங்கால் வரை பனி. பின்னால் பீரங்கி. முதலில் ஒரு சீழ்க்கை. பிறகு ஒரு நொடி அமைதி. பிறகு மலை வெடிக்கிறது.

“படுலே!”

சுடலைமுத்து கத்துகிறான். என் கழுத்தைப் பிடித்து அமுக்குகிறான். முதுகின் மேல் மண், கல், யாருடையதோ கை. தலை தூக்கினேன். கூட ஓடிவந்த எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் மூவரைக் காணோம்.

1962 நவம்பர். சீன எல்லை. அவன் கீழப்பாவூர், நான் ஆய்க்குடி. அன்றே இருவரும் சிறைப்பட்டோம்.

இரண்டு வீட்டுக்கும் ‘காணவில்லை’ என்று தந்தி போனது. என் அம்மா நம்பவில்லை. அவன் வீட்டில் செத்தான் என்றே முடிவுகட்டினார்கள். பதினாறாம் நாள் காரியம் செய்து, அவன் மனைவி செல்லத்தாயின் தாலியை அறுத்தார்கள். பாவிகள், ஆறு மாதம் பொறுக்கவில்லை.

அடுத்த கோடையில் உயிரோடு வந்து நின்றான். காரியம் நடந்துவிட்ட ஆளை வாசல்வழி விடமாட்டோம் என்றார்கள். குற்றாலத்தில் முழுகித் தீட்டுக் கழித்து, கோயிலில் மறுபடி தாலி கட்டவேண்டுமாம்.

சீசன் நேரம். பேரருவியில் வெள்ளம். தூரத்தில் இரைச்சல் கேட்டதுமே அவன் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தான். எனக்குப் புரிந்தது. “வேண்டாம் அண்ணாச்சி” என்று அவன் அண்ணனிடம் கெஞ்சினேன்.

“அருவித்தண்ணி ஆளக் கொல்லுமாடே?” சிரித்தார்.

தண்ணீர் பாறையில் இடிக்கிறது. தொம். தொம்.

“படுலே! எல்லாரும் படுங்கலே!”

செல்லத்தாயைத் தள்ளி அவள்மேல் விழுகிறான். பாறையில் அவள் நெற்றி பிளக்கிறது. தண்ணீர் சிவக்கிறது. அண்ணன் மிதிக்கிறார். யார் யாரோ அடிக்கிறார்கள். அவன் நகரவில்லை. அவளை மூடிக்கொண்டே கிடந்தான். நானும் படுத்துக் கிடந்தேன். என்னை யாரும் தள்ளவில்லை. கூட்டம் சிரித்தது.

நெற்றிக் கட்டோடு அவளுக்குத் தாலி ஏறியது. அன்றுமுதல் அவன் மாட்டுத்தொழுவில் படுத்தான். “பக்கத்துல படுத்தா அவளக் கொன்னுருவேன்டே” என்று என்னிடம் அழுதான்.

ஆவணி பிறக்குமுன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

தீராத வயிற்றுவலி என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். பனிமலையில் வேகாத அரிசியைத் தின்று செரித்தவனுக்கு வயிற்றுவலியாம்! எல்லையிலிருந்து திரும்பிய புளியங்குடிக்காரன் ஒருவனுக்கும் அதே வயிற்றுவலி. அறுபத்தைந்து சண்டைக்குப் பிறகு செங்கோட்டைப் பக்கம் ஒருவனுக்கும் அதே. பட்டாளம் போனவன் வயிறு மட்டும் இப்படியா வலிக்கும்? த்தூ.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் சண்டையில் செத்தவர் எவரும் இல்லை என்கிறார்கள். நான் அறிந்து மலையில் மூவர். ஊருக்குத் திரும்பியபின் மூவர். செல்லத்தாய் ஒரே புருஷனுக்கு இரண்டு தடவை தாலி அறுத்தாள்.

இரண்டாம் தடவை அவள் அழவில்லை. நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“என்னக் காப்பாத்தத்தான் தள்ளுனாவ. அது எனக்கு அன்னைக்கே தெரியும். அவியகிட்ட ஒரு வார்த்த சொல்லாம இருந்துட்டேனே!”