தாழ் போட்ட கதவு

அதிகாலை நாலரை மணி. தார்ச்சாலை முடிந்து மலைப்பாதை தொடங்குகிற இடம். ஜீப் இரண்டு பேரை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு... மழைச் சத்தம் மட்டும்.

கதவைச் சாத்திவிட்டு இன்னும் கிட்டே வந்து உட்காருங்கள். என் கூட ஐரோலியில் வேலை பார்க்கிற நாகராஜின் அத்தைக்கு நடந்தது இது.

அத்தை பேர் ஆறுமுகத்தாய். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. ஒரே மகன் ஆதித்யன், இருபத்து மூன்று வயது. போன வருஷம் ஜூலையில் ஆபீஸ் நண்பர்களோடு மூன்று நாள் டிரெக்கிங் போனான். இரண்டாம் ராத்திரி உச்சிக்குக் கீழே ஒரு குடிசையில் தங்கியிருக்கிறார்கள். விடியும் முன் வெளியே போனவன்... திரும்பவில்லை. ஒரே பனிமூட்டம். பள்ளத்தில் ஒன்பது நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

சொந்தக்காரர்கள் காரியம் செய்துவிடச் சொன்னார்கள். அத்தை சம்மதிக்கவில்லை.

"அவன் படுத்த எடத்துல நானும் ஒரு ராத்திரி படுக்கணும். மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்."

வேலை முடிந்து வந்து தினமும் தன் கட்டிடத்தின் ஏழு மாடியையும் ஏறி இறங்கி, ஒரு வருஷம் காலைப் பழக்கினார். இந்த ஜூலையில் நாகராஜைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் நாள் ஏறி வழியில் ஒரு கிராமத்தில் தங்கினார்கள். மறுநாள் இருட்டும் நேரத்தில் ஆதித்யன் தங்கின அதே குடிசை வந்தது. மண் சுவர், தகரக் கூரை, உள்ளே ஈரச் சாம்பல் வாசனை. வேறு யாரும் இல்லை. நாகராஜ் கதவுக்குத் தாழ் போட்டான். படுத்ததும் தூங்கிவிட்டான். அத்தை தூங்கவில்லை.

நடுராத்திரி தாண்டியிருக்கும். கதவு திறந்த சத்தமே இல்லை... ஆனால் பக்கத்தில் யாரோ வந்து படுத்தார்கள். நனைந்த துணி வாசனை. கசங்கின பச்சிலை வாசனை. முதுகோடு முதுகாக, ஐஸ் மாதிரி ஒரு முதுகு.

அத்தைக்குப் பயமே வரவில்லை. கம்பளியில் பாதியை இழுத்துப் போர்த்திவிட்டார். கையைப் பின்னால் நீட்டினார். விறைத்த விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

"வந்துட்டியா, எய்யா... அம்மா வர ஒரு வருசம் ஆயிட்டு. கோவிச்சுக்கிடாத. ஒஞ் சட்டையெல்லாம் அப்படியே மடிச்சு வச்சிருக்கேன்..."

எவ்வளவு நேரம் பேசினாரோ. அந்த முதுகு நடுங்கியது. மெல்ல ஒரு குரல்.

"ஆயி... தண்டி வாஜ்தே."

மராத்தி. அம்மா, குளிருது என்று.

ஆதித்யன் ஒரு நாளும் அவரை 'ஆயி' என்று கூப்பிட்டதில்லை. இது ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

கையை உருவப் பார்த்தார். மனசு வரவில்லை. யார் பெற்ற பிள்ளையோ... இதைத் தேடி யாரும் வரவில்லை போல.

அப்போதுதான் கதவு தட்டுகிற சத்தம்.

"யம்மா... கதவத் தொறயேன். நான்தாம்."

ஆதித்யன்.

அத்தை துள்ளி எழப் பார்த்தார். அந்தக் கை விடவில்லை. "ஏல நாகராசு, கதவத் தொறல!" என்று கத்தினார்... கத்தியதாக நினைத்தார். தொண்டையில் சத்தமே வரவில்லை. மூன்றடி தள்ளிப் படுத்திருந்தவன் அசையவில்லை.

"விடு தாயி... எம் புள்ள வெளிய நிக்கான். விட்ரு தாயி..."

சத்தம் வராமல் உதட்டசைவிலேயே அழுது கெஞ்சக் கெஞ்ச, பிடி இறுகியது. வெளியே இன்னும் இரண்டு தடவை, யம்மா... யம்மா... அப்புறம் மழை மட்டும்.

வெளுக்கும்போது அந்தக் கை தானாகத் தளர்ந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அத்தை தவழ்ந்து போய்த் தாழை நீக்கினார். வெளியேயும் யாரும் இல்லை.

அவர் அழுத அழுகையில்தான் நாகராஜ் விழித்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கனவு அத்தே, வேற ஒண்ணுமில்ல" என்று தூக்கி நிறுத்தக் குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

மழை அப்போதும் விடவில்லை. வாசல் கல் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கதவை ஒட்டி, ஓர் ஆள் குத்தவைத்து உட்காரும் அளவுக்கு மட்டும்... காய்ந்து கிடந்தது.

கை வைத்துப் பார்த்தானாம். வெதுவெதுப்பாக இருந்ததாம்.